ஜீரோவில் தொடங்கிய சீக்கா! ஸ்ரீகாந்தின் முதல் நான்கு ஆண்டுகள்

காஞ்சிபுரம் மாவட்டம் ஏனாத்தூர், உத்திரமேரூர் வட்டாரம் என எந்தக் கிராமத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மாலை போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். வற்றிக் கிடக்கும் ஏரிக்குள்ளோ, அறுவடை முடிந்த வயலிலோ மூன்று குச்சிகள் நட்டிருக்கும். டென்னிஸ் பந்து, கைப்பிடி தேய்ந்துபோன ஒரு பேட், பத்துப் பன்னிரண்டு பையன்கள். முதல் பந்து போடுவதற்கு முன்னால் ஒரு குரல் கட்டாயம் கேட்கும்: “இது ட்ரையல் பால்!”

ட்ரையல் பாலில் ஸ்டம்ப் பறந்தாலும் அவுட் கிடையாது. அடுத்த பந்திலிருந்துதான் “ஆல் ரியல்ஸ்”. தமிழ்நாட்டுத் தெரு கிரிக்கெட்டின் கருணை மிகுந்த சட்டம் இது. புதிதாக வந்தவனுக்குப் பந்து எப்படி வருகிறது என்று பார்த்துக்கொள்ள ஒரு வாய்ப்பு.

சர்வதேச கிரிக்கெட்டில் அந்தக் கருணை இல்லை. அங்கே முதல் பந்தே ரியல்தான். சென்னையிலிருந்து கிளம்பிப்போன ஓர் இளைஞர் அதை முதல் நாளிலேயே தெரிந்துகொண்டார். இந்திய அணிக்காக ஆடிய முதல் ஒருநாள் போட்டியில் அவர் எடுத்த ரன், பூஜ்யம்.

அவர்தான் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த். ரசிகர்களுக்கு ‘சீக்கா’. இன்றைய இளைஞர்களுக்கு அவரைத் தமிழ் வர்ணனையில் உற்சாகமாகக் கத்துபவராக, யூடியூபில் மகன் அனிருத்தாவுடன் அமர்ந்து யாரையும் விட்டுவைக்காமல் விளாசுபவராகத் தெரியும். ஆனால், பேட்டைப் பிடித்துக்கொண்டு வந்த முதல் நான்கு ஆண்டுகளில் அவர் எத்தனை முறை விழுந்தார், எத்தனை முறை வெளியே அனுப்பப்பட்டார், எப்படித் திரும்பி வந்தார் என்பது பலருக்குத் தெரியாது.

அகமதாபாத்தில் ஒரு பூஜ்யம்

1959 டிசம்பர் 21-ல் பிறந்த ஸ்ரீகாந்த், கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் படித்தவர். என்ஜினீயரிங் சீட் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்த காலம் அது. அந்தப் படிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அன்று பெரிய வருமானமில்லாத கிரிக்கெட்டின் பக்கம் போனார். தமிழ்நாடு அணிக்கு ஆடி, 1981 இறுதியில் இந்திய அணிக்கும் தேர்வானார்.

1981 நவம்பர் 25. அகமதாபாத்தில் இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் போட்டி. இந்திய மண்ணில் நடந்த முதல் சர்வதேச ஒருநாள் போட்டியே அதுதான். 22 வயதை எட்ட இன்னும் ஒரு மாதம் இருந்த ஸ்ரீகாந்த், சுனில் கவாஸ்கரோடு சேர்ந்து தொடக்க ஆட்டக்காரராகக் களமிறங்கினார். ரன் கணக்கைத் தொடங்காமலே பெவிலியன் திரும்பினார். இந்தியாவும் ஐந்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது.

இரண்டே நாளில், நவம்பர் 27 அன்று, பம்பாயில் முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் மறுபடியும் பூஜ்யம்! இரண்டாவது இன்னிங்ஸில் 13 ரன்கள் எடுத்திருந்தபோது நடந்ததுதான் வேடிக்கை. பந்தைத் தட்டிவிட்டு, அது அருகிலேயே இருக்கிறது என்பதையும் மறந்து, வழக்கம்போல் கிரீஸை விட்டு உலாவக் கிளம்பினார். பந்தை எடுத்த ஜான் எம்புரி, ஸ்டம்பில் எறிந்துவிட்டார். ரன் அவுட்.

பந்துக்குப் பந்து ஸ்கொயர் லெக் பக்கம் நடந்துபோவது, மூக்கை உறிஞ்சுவது, சூரியனை அண்ணாந்து பார்ப்பது... பின்னாளில் ரசிகர்கள் கைதட்டி ரசித்த இந்தப் பழக்கங்களில் ஒன்று, முதல் டெஸ்ட்டிலேயே அவருடைய விக்கெட்டைக் காவு வாங்கியது. ‘பொறுப்பில்லாத பையன்’ என்று பெயரெடுக்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

கவாஸ்கரின் மறுமுனையில்...

ஸ்ரீகாந்த் செய்ய வந்த வேலை எவ்வளவு புதியது என்பது புரிய வேண்டுமென்றால், அதற்கு ஆறாண்டுகள் முன்பு நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1975 ஜூன் 7, லார்ட்ஸ் மைதானம், முதல் உலகக்கோப்பையின் முதல் நாள். இங்கிலாந்து 60 ஓவர்களில் 334 ரன்கள் குவித்திருந்தது. இந்தியாவின் மிகச்சிறந்த தொடக்க ஆட்டக்காரரான கவாஸ்கர், 60 ஓவரும் ஆட்டமிழக்காமல் நின்றார். 174 பந்துகளில் அவர் எடுத்தது 36 ரன்கள்!

அது கவாஸ்கர் ஒருவரின் தவறு மட்டுமல்ல. அன்றைய இந்திய கிரிக்கெட்டுக்கு ஒருநாள் போட்டி என்றால் என்னவென்றே பிடிபடவில்லை. தொடக்க ஆட்டக்காரர் என்றால் புதுப்பந்தின் பளபளப்பு போகும்வரை நிற்க வேண்டும், வெளியே போகும் பந்தைத் தொடக் கூடாது என்பதுதான் எழுதப்படாத சட்டம். 1975, 1979 என இரண்டு உலகக்கோப்பைகளிலும் சேர்த்து இந்தியா ஜெயித்தது ஒரே ஓர் ஆட்டம். அதுவும் கிழக்கு ஆப்பிரிக்காவுடன். 1979-ல், அன்று டெஸ்ட் அந்தஸ்துகூட பெறாத இலங்கையிடமும் தோற்றது.

இந்தச் சூழலில்தான், புதுப்பந்து என்பதே அடிப்பதற்குத்தான் என்று நம்பிய ஒரு சென்னைப் பையன் வந்தான். இன்றுபோல் அப்போது பவர்பிளே கிடையாது. முதல் பத்து ஓவரில் தூக்கி அடிக்க வேண்டும் என்று சொல்லித்தரும் பயிற்சியாளரும் கிடையாது. அவருக்கு முன்னால் அந்த வழியில் நடந்து காட்டிய இந்தியத் தொடக்க ஆட்டக்காரர் யாரும் இல்லை. பாதை தெரியாத இடத்தில் ஓடினால் தடுக்கி விழத்தான் செய்யும். ஸ்ரீகாந்தும் விழுந்தார்.

இங்கிலாந்துடனான அந்த ஒருநாள் தொடரை இந்தியா 2-1 என்று கைப்பற்றியது. ஆனால், 1982 கோடையில் இங்கிலாந்து போன இந்திய அணியில் ஸ்ரீகாந்தின் பெயர் இல்லை. முதல் முறையாகக் கதவு சாத்தப்பட்டது.

57, 95, 92

மூடிய கதவு சில மாதங்களிலேயே திறந்தது. 1982 செப்டம்பரில் இலங்கை அணி இந்தியா வந்தது. அந்த ஆண்டுதான் முதல் டெஸ்ட்டை ஆடியிருந்த அணி. மூன்று ஒருநாள் போட்டிகள்.

அமிர்தசரஸில் 57. டெல்லியில் 95. பெங்களூரில் 92. மூன்று ஆட்டங்களில் 244 ரன்கள்! தொடரை இந்தியா 3-0 என்று வென்றது.

இதில் டெல்லி ஆட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 95 ரன்களை அவர் எடுத்தது வெறும் 66 பந்துகளில். இன்றைய ஐ.பி.எல். கண்களுக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். ஓவருக்கு நான்கு ரன் எடுத்தாலே ‘விறுவிறுப்பான ஆட்டம்’ என்று பத்திரிகைகள் எழுதிய காலம் அது. மைதானத்தைச் சுருக்கும் கயிறு வராத காலம். அதில் ஓவருக்கு எட்டு ரன்னுக்கு மேல் என்ற வேகத்தில் ஒரு தொடக்க ஆட்டக்காரர் ஆடினார்.

95-லும் 92-லும் நின்றிருந்தபோது அவர் கொஞ்சம் நிதானித்திருந்தால் சதம் கிடைத்திருக்குமே என்று யாருக்கும் தோன்றும். அது ஸ்ரீகாந்தின் சுபாவத்திலேயே இல்லை. 20-ல் இருக்கும்போது எப்படி ஆடுவாரோ, 95-லும் அப்படித்தான். அதுவே அவரின் பலம், அதுவே பலவீனம்.

இத்தனைக்குப் பிறகும் இடம் உறுதியாகவில்லை. 1983 தொடக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போன அணியில் அவர் இல்லை. அந்தப் பயணத்தில்தான் மார்ச் 29 அன்று பெர்பிஸில், அசைக்க முடியாத மேற்கிந்தியத் தீவுகளை இந்தியா முதல் முறையாக ஒருநாள் போட்டியில் வீழ்த்தியது. கவாஸ்கர் 90, கபில்தேவ் 72. ‘இந்த அணியால் ஜெயிக்க முடியும்’ என்ற நம்பிக்கை பிறந்த அந்த நாளில் ஸ்ரீகாந்த் மைதானத்தில் இல்லை.

குடத்துக்குள் போட்ட பெயர்

உத்திரமேரூர் என்றதும் நினைவுக்கு வருவது குடவோலை முறை. பராந்தகச் சோழன் காலத்தில், சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன்பு வெட்டப்பட்ட கல்வெட்டு இன்றும் அங்கே வைகுண்டப் பெருமாள் கோயிலில் இருக்கிறது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, விவரமறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். யாரெல்லாம் நிற்கலாம், யாரெல்லாம் நிற்கக் கூடாது என்பதற்குத் தெளிவான விதிகள் இருந்தன.

கிரிக்கெட் தேர்வில் குடமும் கிடையாது, விதியும் கல்லில் வெட்டப்படவில்லை. ஐந்து பேர் அறைக்குள் உட்கார்ந்து பேசி முடிவு செய்வார்கள். ‘சராசரி’ என்ற ஒற்றை எண்ணை வைத்துப் பார்த்தால் ஸ்ரீகாந்த் போன்றவர் எப்போதும் விளிம்பில்தான் இருப்பார். அவருடைய சராசரி அவரைக் காப்பாற்றாது. அவர் அடித்த வேகத்தால் அடுத்து வருபவருக்கு என்ன லாபம் கிடைத்தது என்பதற்கு அன்றைய ஸ்கோர் புத்தகத்தில் கட்டமே இல்லை.

ஆனாலும், 1983 ஜூன் மாதம் இங்கிலாந்தில் நடக்கவிருந்த உலகக்கோப்பைக்கு அவருடைய ஓலை குடத்திலிருந்து வந்தது.

தேனிலவுக்கு நடுவே ஓர் உலகக்கோப்பை

அப்போதுதான் ஸ்ரீகாந்துக்கும் வித்யாவுக்கும் திருமணமாகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. பின்னாளில் பல மேடைகளில் ஸ்ரீகாந்தே சிரிக்கச் சிரிக்கச் சொன்ன கதை இது. இந்தியா எப்படியும் முதல் சுற்றோடு வெளியேறிவிடும், லண்டனிலிருந்து அப்படியே அமெரிக்காவுக்குத் தேனிலவு போய்விடலாம் என்பதுதான் புதுமணத் தம்பதியின் திட்டம். டிக்கெட்டும் தயார். கபில்தேவ் என்ற கேப்டன், கோப்பையை ஜெயித்து அந்தத் திட்டத்தைக் கெடுத்துவிட்டார்! ரத்தான டிக்கெட்டுக்கான பணத்தைக் கபில் இன்னும் தரவில்லை என்பது ஸ்ரீகாந்தின் நிரந்தர ஜோக்.

ஜோக் ஒருபுறம் இருக்கட்டும். அந்த உலகக்கோப்பையில் ஸ்ரீகாந்தின் ஸ்கோர்களை வரிசையாகப் பாருங்கள். மேற்கிந்தியத் தீவுகளுடன் 14. ஜிம்பாப்வேயுடன் 20. ஆஸ்திரேலியாவுடன் 39. மேற்கிந்தியத் தீவுகளுடன் இரண்டாவது முறை 2. ஜிம்பாப்வேயுடன் இரண்டாவது முறை 0. ஆஸ்திரேலியாவுடன் இரண்டாவது முறை 24. அரையிறுதியில் இங்கிலாந்துடன் 19.

அந்த 0 வந்தது டன்பிரிட்ஜ் வெல்ஸில். தொடக்க ஆட்டக்காரர்கள் கவாஸ்கர், ஸ்ரீகாந்த் இருவருமே பூஜ்யம். இந்தியா 17 ரன்னுக்கு 5 விக்கெட். பிறகு கபில்தேவ் வந்து 175 ரன்கள் அடித்து அணியைத் தூக்கி நிறுத்திய, உலகமே அறிந்த கதை. அந்தப் பெருங்கதை தொடங்கக் காரணமான சரிவில் நம் சென்னைக்காரரின் பங்கும் இருந்தது!

ஏழு ஆட்டங்களில் ஓர் அரைசதம்கூட இல்லை. இறுதிப்போட்டிக்கு முன்பு எந்த வீட்டிலாவது மார்க் ஷீட்டாக இந்தப் பட்டியலைக் காட்டியிருந்தால், அப்பா கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்.

அந்த 57 பந்துகள்

1983 ஜூன் 25, சனிக்கிழமை. லார்ட்ஸ். எதிரே, முந்தைய இரண்டு உலகக்கோப்பைகளையும் வென்ற மேற்கிந்தியத் தீவுகள். ஆண்டி ராபர்ட்ஸ், ஜோயல் கார்னர், மால்கம் மார்ஷல், மைக்கேல் ஹோல்டிங் என நான்கு வேகப்பந்து வீச்சாளர்கள். ஒருவருக்கு மூச்சு வாங்கினால் அடுத்தவர் வருவார். ஓய்வு என்பது பேட்ஸ்மேனுக்குக் கிடையாது.

2 ரன்கள் எடுத்திருந்தபோதே இந்தியா முதல் விக்கெட்டை இழந்தது. ராபர்ட்ஸின் பந்தில் கவாஸ்கர் அவுட். இந்த இடத்தில் எந்தப் பயிற்சியாளரும் தொடக்க ஆட்டக்காரருக்குச் சொல்வது ஒன்றுதான்: ‘கட்டையைப் போட்டு நில்.’

ஸ்ரீகாந்த் நிற்கவில்லை. ராபர்ட்ஸ் எகிறவிட்ட பந்தை ஹூக் செய்து பவுண்டரிக்கு விரட்டினார். இன்னொன்றை சிக்ஸருக்குத் தூக்கினார். பிறகு வந்தது அந்த ஷாட். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே வந்த பந்தை, ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, பாயிண்ட் திசையில் அறைந்தார். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது. கிரிக்கெட் பிரியர்கள் வீட்டுச் சுவர்களிலும் பத்திரிகைகளிலும் 40 ஆண்டுகளாக இருக்கும் படம் அது. கபீர் கான் இயக்கிய ‘83’ படத்தில் ஸ்ரீகாந்தாக நடித்த ஜீவாவும் அந்த ஷாட்டைத்தான் ஆடிக்காட்டினார்.

மறுமுனையில் மொஹிந்தர் அமர்நாத் பொறுமையாக நிற்க, இருவரும் சேர்ந்து 57 ரன்கள் சேர்த்தார்கள். மார்ஷல் பந்தில் எல்.பி.டபிள்யூ. ஆனபோது ஸ்ரீகாந்தின் கணக்கில் 57 பந்துகளில் 38 ரன்கள். அதில் ஏழு பவுண்டரிகள், ஒரு சிக்ஸர். அதாவது, 38-ல் 34 ரன்கள் எல்லைக்கோட்டுக்குப் போன பந்துகளில் வந்தவை. ஓடி எடுத்தது வெறும் 4 ரன்கள்!

இந்தியா 183 ரன்களுக்கு ஆட்டமிழந்தது. ‘இது போதாது’ என்று உலகமே சொன்னது. விவியன் ரிச்சர்ட்ஸ் 33 ரன்கள் விளாசியபோது இந்திய ரசிகர்களே ரேடியோவை அணைக்கப் போனார்கள். கபில் பின்னோக்கி ஓடிப் பிடித்த அந்த கேட்ச், அதற்குப் பிறகு சரசரவென்று சரிந்த விக்கெட்டுகள்... மேற்கிந்தியத் தீவுகள் 140 ரன்னுக்கு ஆல் அவுட். 43 ரன்கள் வித்தியாசத்தில் இந்தியா உலக சாம்பியன்.

இப்போது அந்த ஸ்கோர்கார்டைத் திரும்பப் பாருங்கள். இரு அணிகளின் 22 பேரில் யாரும் 40-ஐத் தொடவில்லை. ரிச்சர்ட்ஸ் 33, சந்தீப் பாட்டீல் 27, அமர்நாத் 26. அந்த இறுதிப்போட்டியின் மிக உயர்ந்த ஸ்கோர், ஸ்ரீகாந்தின் 38. வெற்றி வித்தியாசம் 43. அதிலிருந்து 38-ஐக் கழித்தால் மீதி 5.

எட்டு ஆட்டங்களில் மொத்தம் 156 ரன்கள், சராசரி 19.5. அந்த எண்ணை மட்டும் பார்ப்பவர், ‘இவர் உலகக்கோப்பையில் சோபிக்கவில்லை’ என்று எழுதிவிட்டுப் போகலாம். அது பொய்யும் இல்லை. ஆனால், உலகிலேயே பயங்கரமான வேகப்பந்து வீச்சை, மிகப் பெரிய நாளில், பயமில்லாமல் திருப்பி அடித்த ஒருவர் அந்த அணியில் இருந்தார் என்பதைச் சராசரி சொல்லாது.

மறுபடியும் வெளியே...

சினிமாவாக இருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். நிஜத்தில் 1984 ஏப்ரலில் ஷார்ஜாவில் நடந்த முதல் ஆசியக் கோப்பையில், இந்தியாவுக்காகத் தொடக்க ஆட்டக்காரர்களாக இறங்கியவர்கள் சுரீந்தர் கன்னாவும் குலாம் பார்க்கரும். உலகக்கோப்பை இறுதிப்போட்டியின் டாப் ஸ்கோரர், ஓர் ஆண்டு முடிவதற்குள் அந்த இடத்தில் இல்லை.

இந்த மாதிரி நேரத்தில் பலரும் செய்வது, தன்னை மாற்றிக்கொள்வது. ‘அடித்து ஆடியதால்தானே இடம் போனது, இனி தடுத்து ஆடுவோம்’ என்று முடிவெடுத்து, கடைசியில் இரண்டும் கெட்டானாகிப் போனவர்கள் கிரிக்கெட்டில் ஏராளம். ஸ்ரீகாந்த் திரும்பி வந்தபோதும் பழைய ஸ்ரீகாந்தாகவே வந்தார்.

1984 டிசம்பர் 27, கட்டாக். எதிரணி இங்கிலாந்து. ரவி சாஸ்திரியோடு சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 188 ரன்கள். சாஸ்திரி 102. ஸ்ரீகாந்த்? 99! ஒற்றை ரன்னில் முதல் சதம் கைநழுவியது. அந்த ஆட்டத்தில் இந்தியா தோற்றும்போனது. ஆனாலும், கட்டாக்கில் ஒரு ஜோடி கிடைத்துவிட்டது. ஒருவர் நங்கூரம், ஒருவர் புயல்.

கலர் சட்டையில் ஒரு கோப்பை

1985 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஆஸ்திரேலியாவில், டெஸ்ட் ஆடும் ஏழு நாடுகள் மோதிய உலக சாம்பியன்ஷிப் தொடர் நடந்தது. கலர் உடை, வெள்ளைப் பந்து, மின்னொளி ஆட்டங்கள். கவாஸ்கர் கேப்டன். அவர் ஒரு முக்கியமான முடிவெடுத்தார். தான் நடுவரிசைக்கு இறங்கிக்கொண்டு, தொடக்க இடத்தை சாஸ்திரிக்கும் ஸ்ரீகாந்துக்கும் கொடுத்தார்.

பாகிஸ்தானுடனான முதல் ஆட்டத்தில் 12. இங்கிலாந்துடன் 57. ஆஸ்திரேலியாவை அதன் கோட்டையான மெல்போர்னிலேயே வீழ்த்திய ஆட்டத்தில் ஆட்டமிழக்காமல் 93. நியூசிலாந்துடனான அரையிறுதியில் 9. மார்ச் 10 அன்று பாகிஸ்தானுடனான இறுதிப்போட்டியில் 67. அன்றைய ஆட்டநாயகனும் அவரே.

ஐந்து ஆட்டங்களையும் ஜெயித்து இந்தியா கோப்பையைத் தூக்கியது. 238 ரன்களுடன் அந்தத் தொடரிலேயே அதிக ரன் குவித்தவர் ஸ்ரீகாந்த். தொடரின் சிறந்த வீரராக ஆடி காரை வென்றவர் சாஸ்திரி. இந்திய வீரர்கள் அத்தனை பேரும் அந்தக் காரின் மேல் ஏறிக்கொண்டு மெல்போர்ன் மைதானத்தைச் சுற்றி வந்த காட்சியைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

1983 வெற்றியை ‘குருட்டு அதிர்ஷ்டம்’ என்றவர்கள் இருந்தார்கள். 1985 அவர்களின் வாயை அடைத்தது. ஸ்ரீகாந்தைப் பற்றியும் அப்படிச் சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் அதுவே பதிலானது.

95, 92, 99, 93 என்று நான்கு முறை வாசல்வரை வந்து திரும்பியிருந்த முதல் ஒருநாள் சதம், 1986 செப்டம்பர் 7 அன்று ஜெய்ப்பூரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக வந்தது. 102 ரன்கள். அகமதாபாத்தின் பூஜ்யத்துக்கும் ஜெய்ப்பூரின் மூன்று இலக்கத்துக்கும் இடையில் கிட்டத்தட்ட ஐந்து ஆண்டுகள்!

பூஜ்யக் கூட்டணி

1989-ல் ஸ்ரீகாந்த் இந்திய அணியின் கேப்டனாகப் பாகிஸ்தான் போனார். அவருடைய தலைமையில்தான் 16 வயது சச்சின் டெண்டுல்கர் முதல் டெஸ்ட் ஆடினார். டிசம்பர் 18 அன்று குஜ்ரன்வாலாவில் முதல் ஒருநாள் போட்டியும் ஆடினார். இரண்டாவது பந்திலேயே அவுட். ரன்? பூஜ்யம்!

பூஜ்யத்தில் தொடங்கிய கேப்டனின் கண் முன்னாலேயே, பின்னாளில் ஒருநாள் போட்டிகளில் 18,426 ரன்கள் குவிக்கப்போகும் சிறுவனும் பூஜ்யத்தில் தொடங்கினான்.

கதை இத்துடன் நிற்கவில்லை. சென்னை ரசிகர்களின் ‘தல’ மகேந்திர சிங் தோனி, 2004 டிசம்பர் 23-ல் சிட்டகாங்கில் ஆடிய முதல் ஒருநாள் போட்டியில் முதல் பந்திலேயே ரன் அவுட். ‘சின்ன தல’ சுரேஷ் ரெய்னா, 2005-ல் தம்புள்ளையில் முத்தையா முரளிதரன் வீசிய முதல் பந்திலேயே அவுட். தமிழ்நாட்டின் மூலை முடுக்கெல்லாம் கட்-அவுட் வைத்துக் கொண்டாடப்படும் இருவருமே ஜீரோவில் தொடங்கியவர்கள்தான். அவர்களுக்கெல்லாம் இந்த விஷயத்தில் சீனியர், நம் சீக்கா.

நான்கு டெஸ்ட்களையும் பாகிஸ்தான் மண்ணில் டிரா செய்துவிட்டுத் திரும்பிய கேப்டனுக்கு, அடுத்த தொடரில் கேப்டன் பதவி மட்டுமல்ல, அணியில் இடமும் இல்லை. அதற்குப் பிறகும் மீண்டு வந்து 1992 உலகக்கோப்பை வரை ஆடினார். மொத்தம் 146 ஒருநாள் போட்டிகள், 4,091 ரன்கள், நான்கு சதங்கள், 27 அரைசதங்கள்.

2008-ல் காலம் ஒரு வட்டம் போட்டது. எத்தனையோ முறை அணிப் பட்டியலில் தன் பெயரைத் தேடிக் காணாமல் திரும்பிய அதே மனிதர், இந்தியத் தேர்வுக் குழுவின் தலைவரானார். அவர் தலைமையிலான குழு தேர்ந்தெடுத்த 15 பேர்தான், 2011 ஏப்ரல் 2 அன்று மும்பையில் தோனி அடித்த சிக்ஸரோடு உலகக்கோப்பையை வென்றார்கள். 1983-ல் வீரராக, 2011-ல் தேர்வாளராக, இந்தியா வென்ற இரண்டு 50, 60 ஓவர் உலகக்கோப்பைகளிலும் ஸ்ரீகாந்தின் கை இருக்கிறது.

மீண்டும் ஏரிக்குள்...

முதல் பரீட்சையில் மார்க் குறைந்ததற்காகப் பிள்ளையைத் திட்டித் தீர்க்கும் வீடுகள் நம்மைச் சுற்றி நிறையவே உண்டு. முதல் வேலையில் சறுக்கியதும், ‘நமக்கு இது சரிப்படாது’ என்று ஒதுங்கும் இளைஞர்களும் உண்டு. ஸ்ரீகாந்தின் அந்த நான்கு ஆண்டுகளில் அவர்களுக்கு ஒரு சேதி இருக்கிறது. அவர் விழாமல் ஜெயித்தவர் அல்ல. விழுந்த ஒவ்வொரு முறையும் தன் ஆட்டத்தை மறக்காமல் எழுந்தவர். எல்லாரும் நிற்கச் சொன்ன இடத்தில் அடித்தார். அதற்கான விலையையும் தானே கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு ஏனாத்தூர்ப் பக்கம் போனால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ட்ரையல் பால் முடிந்து, ‘ஆல் ரியல்ஸ்’ சொன்ன முதல் பந்திலேயே ஏதோ ஒரு பொடியனின் ஸ்டம்ப் பறந்திருக்கும். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, பேட்டை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டு, ஏரிக்கரையோரம் ஃபீல்டிங் நிற்கப் போவான். அவனிடம் சொல்வதற்கு இப்போது உங்களிடம் ஒரு கதை இருக்கிறது.